எரியாத வாயுவின் கதை

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளி கண்மாய்கள் நிறைந்த பூமி. மழைக்காலத்தில் பெருகிய கண்மாய், கோடையில் வற்றத் தொடங்கும்போது, அதன் உட்கரையில் அழுகிய கோரையும் தழையும் சேற்றோடு கலந்து கிடக்கும். அச்சேற்றில் ஒரு கோலை ஊன்றி எடுத்தால் குபுகுபுவெனக் குமிழிகள் கிளம்பும். இரவு வேளைகளில் அத்தகைய இடங்களில் மெல்லிய ஒளி ஒன்று தோன்றி மறையும் என்று முதியோர் சொல்வர்; அதற்குக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பெயரும் இட்டு, அந்தி சாய்ந்த பின் சிறுவர்களை அப்பக்கம் போக விடார். அந்தப் பிசாசின் வாயிலிருந்த கொள்ளி, சேற்றில் விளையும் ஒரு வாயுவே என்று பிற்கால அறிஞர் பலர் கருதினர். அவ்வாயுவின் வரலாற்றை இன்று சொல்ல எண்ணுகிறேன். ஆனால், எரியும் வாயுவைக் காட்டிலும், அதனோடு கூடவே பிறந்து, எரியாது நின்று, இரு நூற்றாண்டுக் காலம் வேண்டாப் பொருளாக ஒதுக்கப்பட்ட அதன் உடன்பிறப்பைப் பற்றித்தான் மிகுதியாகச் சொல்லப் போகிறேன்.

1776-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு அறிஞர் அலெசாண்ட்ரோ வோல்டா, மாஜோரே என்னும் ஏரியின் கரையோரச் சேற்றைக் கோலால் கிளறி, எழுந்த குமிழிகளைப் புட்டியில் பிடித்தார். அந்த வாயு நீல நிறச் சுடரோடு எரிந்தது. அதனையே இன்று மீத்தேன் என்கிறோம். இதே வோல்டா, 24 ஆண்டுகள் கழித்து, 1800-இல், செம்புத் தகடுகளையோ வெள்ளித் தகடுகளையோ துத்தநாகத் தகடுகளோடு மாற்றி மாற்றி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து, உலகின் முதல் மின்கல அடுக்கைச் செய்தார். அச்செய்தி இலண்டனை எட்டிய சில வாரங்களுக்குள் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் அத்தகைய அடுக்கு ஒன்றைத் தாமே செய்து, அதன் மின்சாரத்தை நீரில் செலுத்தினர். நீர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கம்பியின் முனையில் ஹைட்ரஜனும் மறு கம்பியின் முனையில் பிராணவாயுவும் குமிழிட்டன.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் எனில், நாம் பார்க்கப் போகும் கதைக்கு இரண்டு ஆறுகள் உண்டு. ஒன்று சேற்றிலும் சாணத்திலும் பிறந்த மீத்தேன் ஆறு. மற்றொன்று மின்சாரத்தால் நீரைப் பிரித்த ஹைட்ரஜன் ஆறு. இரண்டும் ஒரே மனிதருடைய கைப்பட்ட இடத்திலிருந்தே புறப்பட்டன. எனினும் அவை ஒன்றோடொன்று கலப்பதற்கு இரு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஏன் அவ்வளவு காலம் என்பதுதான் என்னுடைய கேள்வி.

முதலில் சாணத்தின் பக்கம் வருவோம். மாட்டுச் சாணத்தை நீரில் கரைத்து, காற்றுப் புகாத கலத்தில் அடைத்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதனைப் படிப்படியாகச் செரிக்கின்றன. ஒரு கூட்டம் நாரையும் மாவையும் உடைத்து அமிலங்களாக்கும்; மற்றொரு கூட்டம் அவ்வமிலங்களை மேலும் உடைக்கும்; கடைசிக் கூட்டம் அவற்றிலிருந்து மீத்தேனை உண்டாக்கும். இவ்வாறு வெளிவரும் சாண எரிவாயுவில் நூற்றுக்கு ஏறத்தாழ 55 முதல் 60 பங்குதான் மீத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு. அது எரியாது, எரியும் வாயுவோடு கலந்து அதன் சூட்டையும் குறைக்கும். போதாக்குறைக்கு, அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடும் சிறிதளவு உண்டு. அடுப்பில் எரிப்பதற்கு இக்கலவையே போதும். ஆனால் அழுத்தி உருளைகளில் அடைக்கவோ வண்டிகளில் பயன்படுத்தவோ வேண்டுமானால், கரியமில வாயு வீண் சுமை. அதை நீக்கியே ஆக வேண்டும்.

நம் நாட்டில் இவ்வாயுவை முதன்முதலில் பயன்படுத்திய இடம் பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லம். அங்கே கழிவுத் தொட்டியிலிருந்து வந்த வாயுவால் விளக்கேற்றினர். பல பாடநூல்கள் இதற்கு 1859 என்று ஆண்டு குறிக்கின்றன. அந்த இல்லமே 1890-இல்தான் நிறுவப்பட்டது. ஆதலின் 1859 பொருந்தாது. 1897 என்று சொல்வதே ஏற்கத் தக்கது. ஒரு நூலில் புகுந்த பிழை அடுத்த நூலுக்கும் அதற்கடுத்த நூலுக்கும் எப்படிப் பயணம் செய்கிறது என்பதற்கு, வரலாறு பயிலும் மாணவர்கள் இதனை ஓர் எடுத்துக்காட்டாக வைத்துக் கொள்ளலாம். ஏறக்குறைய அதே காலத்தில், 1895-இல், இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் டொனால்டு கேமரன் என்பவர் அமைத்த கழிவுநீர்த் தொட்டியின் வாயுவும் தெருவிளக்கு எரிக்கப் பயன்பட்டது.

அதன்பின் 1930-களின் இறுதியில் டெல்லியிலிருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் சாணத்தைக் கொண்டு ஆய்வு நடத்தினார். 1950-களில் ஜஷ்பாய் படேல் என்பவர், கிணறு போன்ற குழியின்மேல் இரும்புக் கொப்பரை ஒன்றைக் கவிழ்த்து, வாயு சேரச் சேர அக்கொப்பரை மேலெழும்பும்படியான அமைப்பை உருவாக்கினார். அதற்குக் கிராமலட்சுமி என்று பெயர். 1960-களின் தொடக்கத்தில் கதர் கிராமத் தொழில் ஆணையம் அவ்வகைக் கலங்களை நாடெங்கும் பரப்பும் பணியை மேற்கொண்டது.

இதில் அடங்கிய நன்மையைத் தமிழ்நாட்டு உழவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மதுரை, இராமநாதபுரம் வட்டாரங்களில் அறுவடை முடிந்த புன்செய்களில் ஆட்டுக் கிடை போடுவர். இரவு முழுவதும் ஆடுகள் அடைந்து கிடந்த நிலத்தின் உரவளத்தை அவர்கள் நன்கு அறிவர். ஆயினும் அதே வீட்டின் அடுப்பங்கரையில் சாணம் வரட்டியாகி எரியும். எரியும்போது அதிலுள்ள நைட்ரஜன் என்னும் உரச்சத்து புகையோடு போய்விடும், எஞ்சுவது சாம்பல். நிலத்துக்கு உரமா, அடுப்புக்கு எரிபொருளா என்ற வழக்கில் அடுப்பே வென்று வந்தது. விறகு இல்லாத வீடு வேறென்ன செய்யும்? சாண எரிவாயுக் கலம் அவ்வழக்கைத் தீர்த்து வைத்தது. வாயு அடுப்புக்குப் போகும்; செரித்த குழம்பு உரச்சத்து குறையாமல் வயலுக்குப் போகும். அடுப்பங்கரையில் புகையும் இல்லை.

இவ்விடத்தில் ஒருவரை நினைவு கூராமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. மதுரைக்குத் தென்மேற்கே தே. கல்லுப்பட்டி என்னும் ஊரில் காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. 1940-இல் தொடங்கப்பட்ட அந்த ஆசிரமத்தில்தான் ஜே. சி. குமரப்பா தம்முடைய இறுதி ஆண்டுகளைக் கழித்தார். 1892-இல் தஞ்சையில் பிறந்தவர். கணக்காயராகத் தொழில் புரிந்தவர். அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொதுநிதி பயின்றவர். காந்தியடிகளைச் சந்தித்த பின் மேல்நாட்டு உடையைத் துறந்து கிராமத் தொழில்களுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தவர். அவர் வார்தாவில் பணியாற்றியபோது, மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கு உருவாயிற்று. 1945-இல் வெளிவந்த தம்முடைய ஆங்கில நூலில் அவர் பொருட்செல்வத்தை இரண்டாகப் பகுத்தார். நிலக்கரியும் பெட்ரோலியமும் போல எடுக்க எடுக்கக் குறைவது ஒரு வகை. ஆற்றுநீரும் வெயிலும் விளைச்சலும் போல வந்துகொண்டே இருப்பது மற்றொரு வகை. முன்னதை நம்பி வாழும் சமுதாயத்தில் பூசலும் போரும் மிகும் என்பது அவர் கருத்து. 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், அவரும் மறைந்தார்.

அவர் வகுத்த அளவுகோலை நாம் சாண வாயுவின் மேல் வைத்துப் பார்க்கலாம். சாணம் வந்துகொண்டே இருக்கும் பொருள். ஆனால் அது எல்லாருக்கும் வருகிறதா? ஒரு குடும்பத்தின் சமையலுக்கு ஏற்ற 2 கன மீட்டர் கலத்துக்கு நாள்தோறும் ஏறத்தாழ 50 கிலோ சாணம் வேண்டும். அதற்கு நான்கைந்து மாடுகளேனும் இருக்க வேண்டும். ஒரு மாடு வைத்திருப்பவருக்கும், மாடே இல்லாதவருக்கும் அக்கலத்தால் பயன் இல்லை. முன்பெல்லாம் தெருவிலும் மேய்ச்சல் வெளியிலும் கிடந்த சாணத்தை ஏழைப் பெண்கள் கூடையில் அள்ளி வந்து வரட்டி தட்டுவர். அதை யாரும் தடுப்பதில்லை. சாணத்துக்கு விலைமதிப்பு ஏற்பட்டதும் அள்ள வந்த பெண்ணை மாட்டுக்காரர் தடுக்கத் தொடங்குவார் என்பதை 1970-களிலேயே பொருளியலார் சிலர் எடுத்துக் காட்டினர். இரும்புக் கொப்பரையின் விலையும் அதிகம். ஆண்டுதோறும் வண்ணம் பூசாவிட்டால் துருப்பிடித்து ஓட்டையாகும். இதற்கு மாற்றாக 1978-இல் செங்கல்லால் கவிகை கட்டிய ஜனதா வகையும், 1984-இல் அதனினும் செலவு குறைந்த தீனபந்து வகையும் வந்தன. 1981-82-இல் மத்திய அரசு தேசிய அளவில் தனித் திட்டமே வகுத்தது. பிறகு சமையல் எரிவாயு உருளைகள் ஊருக்குள் வந்தன. உழவு இயந்திரம் வந்து காளைகள் குறைந்தன. பல கலங்கள் மண்மூடிப் போயின.

மதுரைக்கும் வாயுவுக்கும் வேறோர் உறவும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. அக்காலத்தில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தம் பேருந்துகள் நின்றுவிடாமல் இருக்க, மரக்கரியிலிருந்து வாயு உண்டாக்கும் டி.வி.எஸ். வாயு இயந்திரத்தைச் செய்வித்தார். கரி போதிய காற்றின்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் எரியும் வாயு பிறக்கும். அதுவே இயந்திரத்தை ஓட்டியது. சாண வாயுவுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். ஆயினும் முட்டுப்பாடு வந்தபோது ஊரில் கிடைப்பதைக் கொண்டு வண்டியை ஓட்டிய பழக்கம் இந்நகருக்குப் புதிதன்று என்பதற்காகச் சொன்னேன்.

இனி, இரண்டாவது ஆற்றைப் பார்ப்போம். நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கலாம் என்பது 1800-இலேயே தெரிந்துவிட்டது. அதற்கான மின்சாரத்தை இயற்கையிடமிருந்தே பெறலாம் என்பதைச் செய்து காட்டியவர் டென்மார்க்கு நாட்டின் ஆஸ்கோவ் என்னும் சிற்றூரில் பள்ளி ஆசிரியராயிருந்த பௌல் லா கூர். 1891-இல் அவர் ஒரு காற்றாலையை மின்னாக்கியோடு இணைத்தார். காற்று எப்போதும் வீசாதே. வீசும்போது கிடைக்கும் மின்சாரத்தை எப்படிச் சேமிப்பது? அவர் அதனைக் கொண்டு நீரைப் பிரித்து, ஹைட்ரஜனைத் தொட்டியில் சேர்த்து வைத்து, 1895 முதல் 1902 வரை தம் பள்ளியின் விளக்குகளை எரித்தார். ஹைட்ரஜனோடு பிராணவாயு சிறிது கலந்துவிட்டதால், பள்ளிக் கட்டிடங்களின் சன்னல் கண்ணாடிகள் சில முறை வெடித்துச் சிதறியதும் உண்டு. மாணவர்கள் எப்படி உணர்ந்தார்களோ, தெரியவில்லை. ஆசிரியர் மட்டும் கண்ணாடியை மாற்றிவிட்டு ஆய்வைத் தொடர்ந்தார்.

அடுத்து பிரான்சு நாட்டின் தூலூஸ் நகரம். பாரிசு சென்று பெரும் பதவி பெறும் வாய்ப்பிருந்தும் தென்னாட்டு நகரை விட்டுப் போக விரும்பாத பேராசிரியர் பால் சபாத்தியே, தம் துணைவர் சாந்திரானோடு சேர்ந்து, 1902-இல் ஒரு விந்தையை அறிவித்தார். நுண்ணிய நிக்கல் தூளைச் சூடாக்கி, அதன்மேல் கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் கலந்து செலுத்தினால், இரண்டும் சேர்ந்து மீத்தேனாகவும் நீராவியாகவும் மாறுகின்றன! ஒரு பங்கு கரியமில வாயுவுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் கொடுத்தால், ஒரு பங்கு மீத்தேன் கிடைக்கும். எரிந்து முடிந்ததன் அடையாளம் என்று நாம் கருதும் கரியமில வாயு, மீண்டும் எரியத் தக்கதாகிவிட்டது. நிக்கல் தூளோ வேலை முடிந்த பின்னும் நிக்கலாகவே இருந்தது. இவ்வகை ஆராய்ச்சிகளுக்காக 1912-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

நான்கே ஆண்டுகள் கழித்து, 1906-இல், ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் சோங்கன் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் இதனினும் வியப்பான உண்மை ஒன்றைக் கண்டார். சபாத்தியே சூடான நிக்கலைக் கொண்டு செய்த அதே வேலையை, சேற்றில் வாழும் சில நுண்ணுயிர்கள் சூடோ அழுத்தமோ இன்றி, சந்தடியில்லாமல் செய்துகொண்டிருந்தன. அவற்றுக்கும் அதே கணக்குத்தான்: ஒரு பங்கு கரியமில வாயு, நான்கு பங்கு ஹைட்ரஜன். இந்நுண்ணுயிர்கள் பாக்டீரியா இனமே அல்ல, ஆர்க்கியா என்னும் தனிப் பெரும் பிரிவைச் சேர்ந்தவை என்பதைக் கார்ல் வோஸ் என்பவர் 1977-இல் நிறுவினார். பசுவின் வயிற்றிலும், சாணக் குழியிலும், கண்மாய்ச் சேற்றிலும் அவை வாழ்கின்றன.

எனவே, 1906-ஆம் ஆண்டுக்குள் எல்லாமே தெரிந்தாயிற்று. சாணத்திலிருந்து வரும் வாயுவில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு கரியமில வாயு என்பது தெரியும். காற்றாலை மின்சாரத்தால் ஹைட்ரஜன் எடுக்கத் தெரியும். இரண்டையும் சேர்த்து மீத்தேன் ஆக்குவதற்கு ஒன்றுக்கு இரண்டு வழிகள் தெரியும். ஆயினும் ஒருவரும் இவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

நம் நாட்டிலும் இதே நிலைதான். பஞ்சாபில் நங்கல் என்னும் ஊரில், பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனிலிருந்து உரம் செய்யும் பெரும் தொழிற்சாலை 1961-இல் இயங்கத் தொடங்கியது. அதனை ஒட்டியே 1962-இல் நாட்டின் முதல் கனநீர் ஆலையும் எழுந்தது. இன்று பசுமை ஹைட்ரஜன் என்று புதுமையாகப் பேசுகிறோமே, அதனை நாம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே பேரளவில் செய்துவிட்டோம்! சாண எரிவாயுக் கலங்களைப் பரப்பும் இயக்கம் தொடங்கியதும் அதே காலத்தில்தான். ஒரே நாட்டில், ஒரே வேளையில், இரண்டு ஆறுகளும் ஓடின. ஒன்று உழவன் வீட்டுக் கொல்லையில் ஓடியது. மற்றொன்று அணைக்கட்டின் நிழலில் ஓடியது. ஒன்றை நடத்தியவர்கள் கதர் ஊழியர்கள். மற்றொன்றை நடத்தியவர்கள் பொறியியலார். இவர்கள் சந்திப்பதற்கே வாய்ப்பில்லை. சந்தித்திருந்தாலும் பயனிருந்திராது என்றே எண்ணுகிறேன். அன்று மின்சாரம் அரும்பொருள். ஊருக்கு ஊர் விளக்குக்கும் இறவைப் பம்புக்கும் அதைக் கேட்டுக் காத்திருந்தனர். மின்சாரத்தின் தேவை பெருகவே, நங்கலில்கூடப் பிற்காலத்தில் நீரைப் பிரிக்கும் முறையை விட்டு வேறு வழிக்கு மாறிவிட்டனர். அறிவுக் குறைவால் அன்று, விலைக் கணக்கால்தான் இரு ஆறுகளும் பிரிந்தே ஓடின.

அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். பள்ளி மாணவரும் போடக்கூடிய கணக்குத்தான். ஒரு கன மீட்டர் சாண வாயுவை எடுத்துக் கொள்வோம். அதில் 600 லிட்டர் மீத்தேன், 400 லிட்டர் கரியமில வாயு என்று வைத்துக் கொள்வோம். அந்த 400 லிட்டரையும் மீத்தேனாக்க 1,600 லிட்டர் ஹைட்ரஜன் வேண்டும். அவ்வளவு ஹைட்ரஜனை நீரிலிருந்து எடுக்க ஏறத்தாழ 8 யூனிட் மின்சாரம் செலவாகும். கிடைக்கும் 400 லிட்டர் மீத்தேனிலோ சுமார் 4 யூனிட்டுக்கு ஈடான வெப்பமே இருக்கும். எட்டைக் கொடுத்து நான்கைப் பெறும் வணிகம் இது. மின்சாரத்தை விலைக்கு வாங்கி இதைச் செய்தால் கையைக் கடிக்கும் என்பதில் ஐயமில்லை.

எட்டு யூனிட்டுக்கு வேறு வேலையே இல்லாத நேரம் ஒன்று இருந்தால்? அந்த நேரம் இப்போது வந்திருக்கிறது. காற்றாலைகளும் சூரிய மின்தகடுகளும் பெருகிய நாடுகளில், பலத்த காற்று வீசும் இரவிலும், வெயில் கொளுத்தும் நண்பகலிலும், வாங்குவாரின்றி மின்சாரம் மிஞ்சுகிறது. செருமனியின் வெர்ல்டே என்னும் ஊரில் 2013-இல் 6 மெகாவாட் திறனுள்ள ஆலை ஒன்று திறக்கப்பட்டது. அருகிலிருந்த கழிவு எரிவாயு ஆலையில் வெளியேறிய கரியமில வாயுவையும், காற்று மின்சாரத்தால் எடுத்த ஹைட்ரஜனையும் சபாத்தியே காட்டிய வழியில் சேர்த்து, அங்கே வண்டிகளுக்கான மீத்தேன் செய்தனர். 2016-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனை அடுத்த ஆவெடோரேயில், கழிவுநீர் நிலையத்தின் அருகே, சோங்கன் கண்ட வகை நுண்ணுயிர்களைக் கொண்டே இவ்வேலையைச் செய்யும் கலம் அமைந்தது. வோல்டாவிலிருந்து புறப்பட்ட இரு ஆறுகளும் இங்கேதான் கூடின. பூமிக்கு மேலே சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலோ, 2010-ஆம் ஆண்டிலேயே சபாத்தியே முறைக்கு இடம் கிடைத்தது. அங்கே வீரர்கள் மூச்சில் விடும் கரியமில வாயுவிலிருந்து குடிநீரை மீட்பதே நோக்கம். மீத்தேன் அங்கு வேண்டாப் பொருள்! ஒரே வினையில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பது இடத்தைப் பொறுத்தது.

நிக்கல் வழியா, நுண்ணுயிர் வழியா என்று கேட்டால், நம் ஊர்ப்புறங்களுக்கு இரண்டாவதே பொருந்தும் என்பது என் கருத்து. நிக்கலுக்குச் சுமார் 300 பாகை சூடு வேண்டும். சாண வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு சிறிது பட்டாலும் நிக்கலின் வீரியம் கெட்டுவிடும். நுண்ணுயிர்களோ அந்த நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்தவை. சில நாள் பட்டினி கிடந்தாலும், ஹைட்ரஜன் மீண்டும் வந்ததும் வேலையைத் தொடங்கும்; வெயிலை நம்பி நடக்கும் தொழிலுக்கு இக்குணம் மிகவும் வேண்டியது. ஆனால் இவ்வழியிலும் இடர் உண்டு. ஹைட்ரஜன் நீரில் எளிதில் கரைவதில்லை. நுண்ணுயிரோ நீரில் கரைந்ததைத்தான் உண்ணும். ஆகவே மிக நுண்ணிய குமிழிகளாக அதனைச் செலுத்த வேண்டும். சாணம் செரிக்கும் கலத்துக்குள்ளேயே நேராகச் செலுத்தினால் வேறொரு தொல்லை: ஹைட்ரஜன் அளவுக்கு மிஞ்சினால், அமிலங்களை உடைக்கும் நடுக் கூட்டம் வேலையை நிறுத்திவிடும், கரியமில வாயு மிகவும் குறைந்துபோனால் குழம்பின் காரத்தன்மை ஏறும். அதனால் வாயுவை மட்டும் தனிக் கலத்துக்குக் கொண்டு சென்று அங்கே ஹைட்ரஜனோடு சேர்ப்பதே நிதானமான முறை.

மதுரைச் சமவெளிக்குத் திரும்புவோம். இங்கிருந்து தென்கிழக்கே, இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில், 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்பில் எழுந்தது. மேற்கே கம்பம் பள்ளத்தாக்கில் காற்றாலைகள் சுழல்கின்றன. இவை தரும் மின்சாரம் முழுவதையும் ஏற்க இயலாமல் சில வேளைகளில் நிறுத்தி வைப்பது தமிழ்நாட்டில் புதிய செய்தியன்று. கழிவுக்கும் குறைவில்லை. மாட்டுத்தாவணி என்ற பெயரே மாட்டுச் சந்தை கூடிய இடம் என்பதைக் காட்டுகிறது. இன்று அங்கே பேருந்து நிலையமும், காய்கறி, பூச் சந்தைகளும் இருக்கின்றன. விற்காத மல்லிகையும் வாழையிலையும் அழுகிய தக்காளியும் நாள்தோறும் குவிகின்றன. நகரின் குப்பையெல்லாம் அவனியாபுரத்தை அடுத்த வெள்ளைக்கல்லுக்குப் போய் மலையாகிறது. சந்தைக் கழிவிலிருந்து வாயு எடுப்பதற்குச் சென்னைக் கோயம்பேட்டில் 2005-இலேயே, நாளொன்றுக்கு 30 டன் கொள்ளும் நிலையம் அமைக்கப்பட்டது. 2018-இல் மத்திய அரசு தொடங்கிய சதத் திட்டத்தின்படி, நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் கழிவு வாயுவைத் தூய்மை செய்து அழுத்தி வாகன எரிபொருளாக விற்கும் ஆலை 2020-இல் செயலுக்கு வந்தது. இத்தகைய ஆலைகளில் கரியமில வாயுவைப் பிரித்தெடுப்பது வரையில்தான் பொதுவாக நடைபெறுகிறது. பிரித்தது பெரும்பாலும் வானுக்கே போகிறது. ஹைட்ரஜனுக்கென்று தனியே ஒரு தேசியத் திட்டம் 2023-இல் ஏற்கப்பட்டது. இங்கே இன்னும் இரண்டும் இரண்டு அலுவலகங்களின் கோப்புகள்.

500 மாடுகள் உள்ள ஒரு பெருங்கிராமத்தை எண்ணிப் பாருங்கள். மாட்டுக்குப் பத்துக் கிலோ வீதம் 5,000 கிலோ சாணம். அதிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கன மீட்டர் வாயு. அதிலுள்ள 80 கன மீட்டர் கரியமில வாயுவையும் மீத்தேனாக்கினால், நாளுக்கு நான்கு சமையல் உருளைகளுக்கு ஈடான எரிபொருள் கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு நாள்தோறும் 1,600 யூனிட் மின்சாரம் வேண்டும். கமுதியின் அளவைக் கொண்டு பார்த்தால், சுமார் ஒன்றரை ஏக்கரில் பரப்பிய சூரியத் தகடுகள் போதும். தண்ணீர் வறண்ட வைகைக் கரையில் நீரைப் பிரிப்பதா என்று கேட்பீர்கள். நாளொன்றுக்கு 260 லிட்டர் நீர் செலவாகும். அதில் பாதி, மீத்தேன் உண்டாகும்போதே நீராகத் திரும்பி வரும். ஆகவே இடர் தண்ணீரில் இல்லை. நண்பகல் ஐந்தாறு மணி நேரம் மட்டுமே ஓடி, மற்ற நேரமெல்லாம் சும்மா நிற்கும் விலையுயர்ந்த மின்பகுப்புக் கருவிக்கு யார் முதல் போடுவது என்பதில்தான் இடர் இருக்கிறது. அதைவிட, வெறும் சாணக் கலத்துக்கு ஆண்டுதோறும் வண்ணம் பூச ஆளில்லாமற் போன ஊர்களில் இக்கருவியைப் பேண யாரைப் பழக்குவது என்பது பெரிய கேள்வி.

இதனால் சிலர், ஊருக்கு ஊர் இது வேண்டாம், மாவட்டத்துக்கு ஒரு பேராலை போதும், சாணத்தையும் கழிவையும் லாரிகளில் அங்கே கொண்டு போகலாம் என்கின்றனர். பொறியியல் கணக்கில் அது சரியாகவே தோன்றும். கருவிகள் பெரிதாகும்போது செலவு குறையும். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சாணத்தை ஏற்றிச் செல்லும் லாரி, செரித்த குழம்பை அதே வயலுக்குத் திருப்பிக் கொண்டுவரும் என்பதற்கு உறுதி என்ன? குழம்பில் பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர். முப்பது நாற்பது கிலோமீட்டர் சுமந்து வர எந்த வியாபாரியும் விரும்பமாட்டார். வாயு நகரத்துக்கும், உரச்சத்து ஆலை வாசலுக்கும் போய், கல்லுப்பட்டி வட்டாரத்துக் கரிசல் காட்டுக்கு மூட்டை உரம் விலைக்கு வருமானால், வரட்டி எரித்த காலத்தைவிட நிலம் என்ன பயன் பெற்றது? நான் பேசிப் பார்த்த உழவர் ஒருவர், தம் வண்டி காலையில் சாணத்தோடு போய், வெயில் ஏறுமுன் குழம்போடு திரும்பும் தூரத்தில் கலம் இருந்தால் தமக்குச் சம்மதம் என்றார். அவர் வண்டிக்கு அது நான்கு, ஐந்து கிலோமீட்டர். அந்த வட்டத்துக்குள் அடங்கும் மாடுகளையும் சந்தைக் கழிவையும் கணக்கெடுத்து, அதற்கேற்ற அளவில் மின்பகுப்புக் கருவியைச் செய்ய முடியுமா என்பதைத்தான் இனி ஆய்வுக்கூடங்கள் பார்க்க வேண்டியிருக்கிறது.